பைபேப் கேட்டால் சிபாப் தருகிறார்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதைந்து தசைகள் தளரும் நோய்) என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது, அதற்கான ரிலுசோல் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது படுத்தாலே மூச்சு வாங்குவதால் இரவில் மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷினைப் போடச் சொல்கிறார் டாக்டர். கடைக்காரரோ, "சிபாப் போதும், விலையும் குறைவு. இல்லையென்றால் ஆக்சிஜன் மெஷின் எடுங்கள்" என்கிறார். எதை வாங்குவது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடைக்காரர் சொன்ன இரண்டுமே வேண்டாம், அம்மா. தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்பவர்களுக்குத்தான் சிபாப். அது ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் அப்பாவுக்குத் தளர்ந்திருப்பது மூச்சை இழுக்கும் தசை. பைபேப்தான் மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டி, விடும்போது குறைக்கும். ஆக்சிஜன் மெஷின் தசையின் வேலையைச் செய்யாது. டாக்டர் சொல்லாமல் அதைக் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கி ஆபத்தாகலாம். விலையைக் காட்டி இதைத் தலையில் கட்டப் பார்ப்பதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

பைபேப்பிலும் எல்லாம் ஒன்றல்ல. அப்பா மூச்சிழுக்கத் தவறினால் மெஷினே மூச்சு கொடுக்கும் 'எஸ்.டி. மோடு' சில மாடல்களில் இருக்காது. அது வேண்டுமா, அழுத்தம் எவ்வளவு என்பதை டாக்டரிடம் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுப்பது நல்லது. அப்பாவுக்குப் பழகுகிறதா என்று பார்க்கலாம். மாஸ்க்கை மட்டும் புதிதாக, முகத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பொருந்தாத மாஸ்க்கில் காற்று கசிந்தால் மெஷின் இருந்தும் பயனில்லை. நள்ளிரவில் மெஷின் நின்றால் யாரைக் கூப்பிடுவது, மாற்று மெஷின் எத்தனை மணி நேரத்தில் வரும், டெபாசிட் எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பில்லில் சீரியல் நம்பரும் வேண்டும். கரண்ட் போனால் ஓட பேட்டரிக்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

அப்புறம், ரிலுசோல். வழக்கமாக 50 மி.கி., இரண்டு வேளை, வெறும் வயிற்றில். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். விசாரித்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு மாற்றலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் நிறுத்தச் சொல்லலாம். விழுங்கச் சிரமப்பட்டால் நீங்களாகப் பொடித்துக் கொடுக்காதீர்கள், வாய் மரத்துப்போகும். டாக்டரிடம் வழி கேளுங்கள்.

கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.