கொலைகாரன் பெயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும்: கேள்வி பதில்

மதுரைப் பக்கம் பிறந்தவள். படிக்கப் போன இங்கிலாந்திலேயே தங்கி, துப்புக் கிடைக்காத கொலை வழக்குகளில் போலீசுக்கு நடத்தை ஆலோசகராக வேலை பார்த்தேன். புரொஃபைலர் என்றால்தான் எல்லோருக்கும் புரிகிறது: குற்றம் நடந்த விதத்தை வைத்து, செய்தவன் எப்படிப்பட்டவன் என்று ஊகித்துச் சொல்கிறவர். போன வருடம் ஓய்வு பெற்றேன். கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. என் வழக்குகளின் ஊர், பெயர் எதையும் சொல்ல மாட்டேன். கீழே வரும் பெயர்கள் நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வந்தவை.

பிரபாகரன்: சினிமாவில் வருகிற மாதிரி, பிணத்தைப் பார்த்ததும் "இடது கைக்காரன், அம்மா இல்லாமல் வளர்ந்தவன்" என்று சொல்லிவிடுவீர்களா மேடம்?

இடது கையா வலது கையா என்று சொல்ல, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரே தயங்குவார். நான் எங்கே சொல்வது! நான் பிணத்தையே பார்த்ததில்லை. என்னிடம் வழக்கு வரும்போது கொலை நடந்து 15, 20 வருடம் ஆகியிருக்கும். அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். எனக்கு வருவது அட்டைப்பெட்டிகள்தான். வாக்குமூலங்கள், போட்டோக்கள், வரைபடம், மங்கிப்போன டைப் எழுத்து. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை படிப்பு.

ரேவதி, கோவை: பெட்டியில் முதலில் எதைத் தேடுவீர்கள் அக்கா?

முதல் குழு எந்த இடத்தில் ஒரு முடிவுக்கு வந்தது என்று தேடுவேன். ஒரு வழக்கில் சமையலறைப் போட்டோ ஒன்று. தனியாக வாழ்ந்த பெண். சிங்க்கில் கழுவாத இரண்டு டீக் கோப்பைகள். "வந்தவன் தெரிந்தவன், உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான்" என்று எழுதிவிட்டு, இரண்டு வருடம் தெரிந்தவர்களையே விசாரித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் வாக்குமூலத்தில் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. காலையில் குடித்த கோப்பையை அப்படியே போட்டுவிட்டு மத்தியானம் வேறொன்று எடுப்பாள், ராத்திரி சேர்த்துக் கழுவுவாள், சோம்பேறி என்று செல்லமாகத் திட்டியிருந்தார். வந்தவன் டீ குடித்தான் என்பதற்கு அந்தக் கோப்பைகளைத் தவிர வேறு ஆதாரமே கிடையாது.

மணிமாறன்: அப்படியானால் நீங்கள் கொலைகாரனைக் கண்டுபிடிப்பதே இல்லையா? பிறகு எதற்கு இந்த வேலை?

நியாயமான கேள்வி. 1995இல் பிரிட்டிஷ் போலீஸ் ஆய்வு ஒன்று, புரொஃபைலர்களைப் பயன்படுத்திய 184 வழக்குகளை எடுத்துப் பார்த்தது. ஆலோசனையால் குற்றவாளி அடையாளம் தெரிந்தது நூற்றுக்கு 2.7 வழக்குகளில். அதாவது ஐந்தே ஐந்து. ஆனால் பத்தில் எட்டுப் போலீஸ்காரர்கள் "உபயோகமாக இருந்தது" என்றார்கள்.

எங்கள் வேலை பட்டியலை வரிசைப்படுத்துவது. லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டிப் பாலியல் வன்முறைகளும் கொலைகளும் நடந்தபோது போலீசிடம் ஏறக்குறைய 2000 சந்தேக நபர்கள் இருந்தார்கள். 1986இல் டேவிட் கேன்டர் என்ற பேராசிரியர் சம்பவங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் நடந்தவை கில்பர்ன் பக்கம் நெருங்கிக் கிடந்தன. ஆள் அங்கேதான் குடியிருக்க வேண்டும், கல்யாண வாழ்க்கையில் தகராறு இருக்கும் என்றார். அந்தப் பட்டியலில் ஆயிரத்தைந்நூறுக்கும் கீழே கிடந்த ஜான் டஃபி என்பவன் மேலே வந்தான். கேன்டர் பெயரைக் கண்டுபிடிக்கவில்லை, பெயர் ஏற்கெனவே போலீஸ் கையில் இருந்தது. யார்க்‌ஷயரில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்க்ளிஃபைப் பிடிப்பதற்கு முன் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து விட்டிருக்கிறது. பழைய வழக்குகளில் பெரும்பாலும் இதே கதைதான். ஆள் பெட்டிக்குள் எங்கோ நாற்பதாவது அட்டையில் இருப்பான்.

ஷாலினி: புரொஃபைல் தப்பாகி யாராவது நிரபராதி மாட்டியதுண்டா?

உண்டு. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய வழக்கு இது.

1992 ஜூலை, லண்டனில் விம்பிள்டன் காமன் என்ற பெரிய திறந்தவெளி. ரேச்சல் நிக்கல், 23 வயது. இரண்டு வயது மகன் கண்ணெதிரே குத்திக் கொல்லப்பட்டார். ஓர் உளவியலாளர் எழுதிய விவரிப்புக்குக் கொலின் ஸ்டாக் என்பவர் பொருந்துகிறார் என்று போலீஸ் நினைத்தது. தனியாள், நாயோடு அங்கே நடக்கிறவர். தடயம் எதுவும் இல்லை. அதனால் ஒரு பெண் போலீஸ் அவரைக் காதலிப்பதுபோல் மாதக்கணக்கில் கடிதம் எழுதி, வக்கிரக் கற்பனைகளைப் பேச வைத்தார். அத்தனைக்குப் பிறகும் அவர் கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. 1993 ஆகஸ்டில் கைது செய்தார்கள். 1994இல் நீதிபதி போலீசைக் கடுமையாகக் கண்டித்து வழக்கைத் தூக்கிப்போட்டார்.

ஸ்டாக் சிறையில் இருந்த 1993 நவம்பரில், லண்டனின் இன்னொரு பக்கம் பிளம்ஸ்டெட்டில் சமந்தா பிசெட்டும் அவருடைய நான்கு வயது மகளும் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். செய்தவன் ராபர்ட் நாப்பர். ரேச்சலைக் கொன்றவனும் அவன்தான் என்று டிஎன்ஏ காட்டி, 2008 டிசம்பரில் அவன் ஒப்புக்கொண்டான். ஸ்டாக்குக்கு 7,06,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நாப்பரின் அம்மா 1989இலேயே, மகன் ஒரு பெண்ணைக் கெடுத்ததாகத் தன்னிடம் சொன்னதைப் போலீசுக்குத் தெரிவித்திருந்தார். பிறகு வேறொரு தொடர் பாலியல் வன்முறை விசாரணையில் அவன் பெயர் வந்தபோது, தேடுகிற ஆளைவிட உயரம் அதிகம் என்று கழித்துக்கட்டினார்கள். வர்ணனையை வைத்து ஒருவனை முன்னால் கொண்டு வரலாம். கழிக்கக் கூடாது. என் அறிக்கைகள் எல்லாவற்றிலும் இதை முதல் பக்கத்திலேயே போடுவேன், சில அதிகாரிகளுக்கு எரிச்சலாக இருக்கும்.

இம்ரான்: கொலைகாரன் சம்பவ இடத்துக்குத் திரும்பி வருவானா?

சிலர் வருவார்கள். பக்கத்தில் குடியிருந்தால் பால் வாங்கவும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

செந்தில்: டிஎன்ஏ வந்த பிறகு உங்கள் வேலைக்கு மரியாதை போய்விட்டதா?

கொஞ்சம் போய்விட்டது, நல்லதுதான். கலிபோர்னியாவில் 13 கொலைகள் செய்த ஜோசப் டிஆஞ்சலோவைப் பற்றிப் பல வருடம் விவரிப்புகள் எழுதினார்கள். 2018இல் அவன் பிடிபட்டது, தூரத்துச் சொந்தக்காரர்கள் வம்சாவளி பார்க்க இணையத்தில் ஏற்றிய டிஎன்ஏ மூலம். ஆள் முன்னாள் போலீஸ்காரன், அப்போது 72 வயது. ஆனால் தடயமே எடுத்து வைக்காத பெட்டிகளும் இருக்கின்றன. தடயம் இருந்து, ஆயிரம் பேரில் யாரிடம் முதலில் எச்சில் மாதிரி எடுப்பது என்று முழிக்கிற வழக்குகளும் உண்டு. அங்கே எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

வழக்கறிஞர் ஒருவர், திருச்சி: நம்மூர் நீதிமன்றத்தில் இது நிற்குமா?

ஆதாரமாக நிற்காது, இங்கிலாந்திலும் அப்படித்தான். குணம் இப்படிப்பட்டது, ஆகவே கொலை செய்தவன் இவன்தான் என்ற வாதத்துக்கு நம் சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். உண்மை கண்டறியும் சோதனை, மூளை வரைவு இவற்றையும் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விசாரணைக்கு வழிகாட்டலாம், அதற்குமேல் கேட்காதீர்கள்.

அனிதா: ராத்திரி தூக்கம் வருமா அக்கா?

போட்டோக்கள் பழகிவிடும். எனக்குப் பழகாதது சாமான் பட்டியல். இறந்தவரின் கைப்பையில் இருந்தவை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள்: சீப்பு, பஸ் டிக்கெட், பாதி தின்ற மிட்டாய் பாக்கெட், சனிக்கிழமைக்கு வாங்கிவைத்த சினிமா டிக்கெட் இரண்டு. அந்தப் பக்கத்தை மத்தியானத்துக்குமேல் படிக்க மாட்டேன்.

கலைச்செல்வன்: என் மகள் பிளஸ் டூ. புரொஃபைலர்தான் ஆவேன் என்கிறாள். என்ன படிக்க வைக்க?

உளவியல் படிக்கட்டும், கூடவே புள்ளியியல். சம்பளம் பெரிதாக இருக்காது, வேலையும் அரிதாகத்தான் வரும். அதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். ஒரு வருடச் செய்தித்தாளிலிருந்து உங்கள் மாவட்டத்துச் சங்கிலிப் பறிப்புச் செய்திகளை எல்லாம் எடுத்து, நாள், நேரம், தெரு, வண்டி, தப்பிப் போன திசை என்று அட்டவணை போடச் சொல்லுங்கள். மூன்றாவது நாளும் அலுக்காமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், பேசுகிறேன்.