லீசிங் தவணை தவறினால் வண்டியை மறித்துப் பறிக்கலாமா?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகனின் ஆட்டோவுக்கு மூன்று மாதத் தவணை பாக்கி. நோர்வூட் பக்கம் ஹயர் போன இடத்தில் நான்கு பேர் மறித்து, சாவியைப் பிடுங்கி, ஆட்டோவைக் கொண்டுபோய்விட்டார்கள். பொலிஸுக்குப் போனால், கம்பனி ஏற்கெனவே என்ட்ரி போட்டிருக்கிறது, இது லீசிங் பிரச்சினை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது சரியா?"

சரியில்லை. ஆனால் கம்பனிக்கு உள்ள உரிமையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லீசிங் முடியும்வரை வண்டி சட்டப்படி கம்பனியுடையது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர்தான் இருக்கும். தவணை தவறினால் ஒப்பந்தத்தை முடித்து வண்டியைத் திரும்பக் கேட்கலாம். இதற்கான இலங்கைச் சட்டம் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம். அதனால் வண்டியை ஒளித்து வைப்பதோ, பாகங்களைக் கழற்றி விற்பதோ உங்களையே மாட்டிவிடும்.

கேட்கும் உரிமை வேறு, கையை முறுக்கிப் பறிப்பது வேறு. மறிப்பது, மிரட்டுவது, அடிப்பது, தோட்ட லய வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றங்கள். வண்டி யாருடையது என்பதால் அவை குற்றமில்லாமல் போய்விடாது.

கம்பனி போடும் பொலிஸ் என்ட்ரி வெறும் தகவல்தான். வண்டி களவு போனதாக நீங்கள் சொன்னால் பொலிஸார் தேடி அலையக்கூடாது என்பதற்காகப் போடுவது. அது நீதிமன்றக் கட்டளையும் இல்லை, பொலிஸ் அனுமதியும் இல்லை. தவணை பாக்கி சிவில் விவகாரம். அதற்காக பொலிஸார் உங்கள் மகனை அடைத்து வைக்கவோ, சாவியைக் கொடு என்று கட்டளையிடவோ முடியாது. பொலிஸார் தாங்களே வண்டியைக் கைப்பற்றினால் நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்தான் தீர்மானிப்பார்.

அதனால் முறைப்பாட்டை, "லீசிங் ஆட்டோவைத் தூக்கிட்டாங்க" என்று தொடங்காதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பேர், யார் கையைப் பிடித்தார், என்ன சொல்லி மிரட்டினார், அவர்கள் வந்த வாகனத்தின் இலக்கம் என்ன என்று சொல்லுங்கள். காயம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டிப் பதிவு செய்யுங்கள். தமிழில் முறைப்பாடு செய்வது அரசியலமைப்பு தந்த உரிமை. வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் எழுத்தில் கொடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பதிவுத் தபால் எஸ்டேட் ஒபீசில் கிடந்து, வாரக்கணக்கில் பிந்தித்தான் லயத்துக்கு வரும். ஒப்பந்தம் முடிந்த கடிதம் உங்கள் கைக்கு வரும் முன்பே வண்டி போயிருக்கும். அந்தக் கடிதம் எந்தத் திகதியில், எந்த முகவரிக்குப் போனது என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். பாக்கிக் கணக்கின் பிரதியையும் கேளுங்கள்.

வண்டியை விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை உங்களிடமும், பிணை நின்றவர்களிடமும் கேட்பார்கள். அதனால் வாய்ப்பேச்சில் விடாமல் உடனே பேசி, எவ்வளவு கட்டினால் வண்டி திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். "விரும்பி ஒப்படைத்தேன்" என்ற தாளை நீட்டினால் கையெழுத்து வேண்டாம். அப்புறம் பறித்தார்கள் என்று சொல்ல வழியில்லாமல் போகும்.

கம்பனி எழுத்தில் பதில் தராவிட்டால் அல்லது தந்த பதில் திருப்தியில்லாவிட்டால் மத்திய வங்கிக்கு முறையிடுங்கள், இலக்கம் 1935. கம்பனி அங்கே பதிவானதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்துக்கு ஒப்பந்தம், தவணை ரசீதுகள், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.