ஏற்காட்டுக் காப்பிப் பழமும் 97 சதவீதமும்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஏற்காடு நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் செல்போனில் வீடியோ எடுத்து, பிரேம்களாகப் பிரித்து, காய், செங்காய் (பாதி பழுத்தது), பழம் என்று குறித்து, படத்தைப் பார்த்து இவற்றை அடையாளம் காணும் ஏஐ மாடலைப் பழக்கினேன். சோதனையில் 97 சதவீதம் சரி. மஞ்சக்குட்டைப் பக்கத் தோட்டத்துப் படங்களில் பாதிக்கு மேல் தப்பு. வேறு மாடலுக்கு மாற வேண்டுமா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

மாடலை இப்போதைக்குத் தொடாதீர்கள். படங்களைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். வீடியோவில் பொதுவாக விநாடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனிப் படம். அடுத்தடுத்தவை கிட்டத்தட்ட ஒரே படம். கலைத்துப் போட்டு, பழக்க 80, சோதிக்க 20 என்று பிரித்தால், பழக்கிய கொத்தே சோதனைக்கும் வந்து நிற்கும். வினாத்தாளை முந்தைய நாளே கொடுத்துவிட்டு வைத்த தேர்வு அது. ஒரு செடியின் எல்லாப் படமும் பழக்கும் பக்கம் அல்லது சோதிக்கும் பக்கம், ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். இப்படிக் குழு குழுவாகப் பிரிக்க, சைகிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தில் குரூப்கேஃபோல்ட் (GroupKFold) இருக்கிறது. செடி எண்ணை குரூப்பாகக் கொடுங்கள். பிறகு ஒரு தோட்டத்தையே முழுக்க ஒதுக்கிச் சோதியுங்கள். மதிப்பெண் விழும். ரிப்போர்ட்டில் அதையே போடுங்கள், கைட் என்ன சொன்னாலும்.

அடுத்து நிறம். உங்கள் வேலையே நிறத்தில்தான் நிற்கிறது. சில்வர் ஓக் மர நிழலில் படம் முழுக்கப் பச்சை; கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை அடக்கப் பார்த்தால் செங்காய் பழமாகத் தெரியும். ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் முதலில் கிரே கார்டை (நிறத்தை ஒப்பிட உதவும் சாம்பல் அட்டை) ஒரு படம் எடுங்கள். இலை இடுக்கில் விழும் வெயில் திட்டில் பழம் வெளுத்துப் போனால் பிறகு எந்த சாப்ட்வேராலும் அந்தச் சிவப்பை மீட்க முடியாது. பனி விலகி வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது.

ஆக்மென்டேஷனில், அதாவது பழக்கும் படங்களைச் செயற்கையாக மாற்றிப் பெருக்குவதில், ஹியூவை (நிறச் சாயலை) 0.3 வரை மாற விட்டிருந்தால் பச்சைக் காய் சிவந்திருக்கும், லேபிள் மட்டும் ‘காய்’ என்றே இருக்கும். 0.02க்குள் வையுங்கள். வெளிச்சத்தைத் தாராளமாக மாற்றலாம்.

இன்னொன்று, படத்தின் அளவு. 4000 பிக்சல் அகலப் படத்தை 640க்குச் சுருக்கினால், 40 பிக்சல் இருந்த பழம் 6 பிக்சல் ஆகிவிடும். சுருக்காமல் 640க்கு 640 துண்டுகளாக வெட்டுங்கள். துண்டுகள் 100 பிக்சலாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும், இல்லாவிட்டால் விளிம்பில் இருக்கும் பழம் அறுபடும். ஏறிய இடத்தில் ஒரே பழத்தை இருமுறை எண்ணாதபடி மாடல் பழத்தைச் சுற்றிப் போடும் பெட்டிகளை முழுப்படத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று விழும் பெட்டிகளில் ஒன்றை மட்டும் வைக்கும் என்எம்எஸ் (NMS) ஓட்டுங்கள்.

செங்காய்க்கு எல்லை எது என்பதையும் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரே 100 படத்தை இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். முரண்படும் படங்களைப் பழம் பறிக்கும் அக்காக்களிடம் காட்டி, எதைப் பறிப்பார்கள், எதை விடுவார்கள் என்று கேட்டு விதியாக எழுதிவைத்துவிட்டு, மீதியைக் குறியுங்கள்.