ரீவி விமர்சனம் படிக்க பென் டிரைவ் வாங்க வேண்டாம்

கேள்வி: வெளிவாரிப் பட்டத்துக்குத் தமிழ்த் தொடர் நாடகங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். போட்டோக்கொப்பிக் கடையொன்றில் "ரீவி பற்றி நானூறு கட்டுரை, ஒரே பென் டிரைவில்" என்று காசு கேட்கிறார்கள். வாங்கலாமா? எங்கே தொடங்குவது?
— ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. அந்த நானூறில் உங்களுக்குத் தேவை இரண்டோ மூன்றோதான்.

முதலில் ஒரு நாள் பின்னேரம் ஏழிலிருந்து எட்டு மணி வரை கொப்பியும் பேனையுமாக ரீவிக்கு முன்னால் இருங்கள். நாடகம், சவர்க்கார விளம்பரம், அடுத்த நாடகத்தின் முன்னோட்டம், திரும்ப நாடகம் என்று வந்த ஒழுங்கில் நேரத்தோடு எழுதுங்கள். அப்புறம் பிரித்தானியப் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதிய தொலைக்காட்சி நூலின் நான்காம் அத்தியாயத்தை எடுங்கள். அமெரிக்காவின் மயாமியில் ஓர் இரவு படம் பார்க்க இருந்த அவருக்கே, விளம்பரமும் வேறு படங்களின் முன்னோட்டமும் இடையிடையே புகுந்து, எது எந்தப் படம் என்றே குழம்பிவிட்டது. நாம் பார்ப்பது தனித்தனி நிகழ்ச்சியல்ல, விடாத ஓர் ஓட்டம் என்று அதை வைத்துத்தான் விளக்குகிறார். உங்கள் கொப்பியிலும் அதுதான் இருக்கும்.

அடுத்தது மானிடவியலாளர் பூர்ணிமா மங்கேகரின் 1999ஆம் ஆண்டு நூல். டில்லிப் பெண்கள் தூரதர்ஷன் தொடர்களைப் பார்த்து என்ன கதைத்தார்கள் என்று வீடுகளுக்குப் போய்க் கேட்டு எழுதியது. பெரியம்மா நாடகம் பார்த்துக்கொண்டே திட்டுவதும் ஆய்வுப் பொருள்தான் என்று விளங்கும். கோட்பாட்டு நூல்கள் பிறகு.

காசு விசயத்துக்கு வருகிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகிள் ஸ்கொலர் தளத்தில் கட்டுரையின் தலைப்பைப் போட்டு, கீழே மற்றப் பதிப்புகளைக் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். இலவசப் பிரதி பல நேரம் அங்கேயே கிடக்கும். இல்லையா, எழுதியவருக்கே ஈமெயில் போடுங்கள்.

இதே கடைகள் நாளைக்கு "உங்கள் கட்டுரையை ஒரு கிழமையில் சர்வதேச சஞ்சிகையில் போட்டுத் தருகிறோம்" என்றும் வருவார்கள். ஓடித் தப்புங்கள். ஒரு விலக்கு உண்டு. இலவசமாக வாசிக்கக்கூடிய நேர்மையான சஞ்சிகைகள் சிலவும் எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும். ஆனால் பெரும்பாலும் மதிப்பீடு முடிந்து, கட்டுரையை ஏற்ற பிறகுதான் கேட்கும். தொகை முன்கூட்டியே தளத்தில் இருக்கும். வருமானம் குறைந்த நாட்டவருக்குச் சிலவற்றில் சலுகையும் உண்டு, கேட்டுப் பாருங்கள். காசு நேரே சஞ்சிகைக்குத்தான் போகும், கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு அல்ல.

வெளிவாரி மாணவருக்கு மின்நூலகக் கடவுச்சொல் கொடுக்க நம் நிறுவனங்களுக்கு என்னதான் தயக்கமோ! படிவத்துக்கு மேல் படிவம். அந்த இடைவெளியில்தான் பென் டிரைவ் வியாபாரம் நடக்கிறது. சரி, நீங்கள் வாயால் கேட்டுவிட்டு வராமல் எழுத்தில் விண்ணப்பியுங்கள். திகதி முத்திரை குத்திய பிரதியொன்றைக் கையோடு வாங்கி வையுங்கள்.