நேப்சாக் விடை இரட்டிப்பாக வந்தால் சுழலைத் திருப்புங்கள்

வணக்கம் தம்பி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யூஎஸ்ஸில் இளநிலையும் முதுநிலையும் சேர்த்துப் படிக்கிறீர்கள். சிஎஸ்3230 என்ற அல்காரிதம் பாடத்துக்காக எழுதிய 0/1 நேப்சாக் நிரல் (ஒவ்வொரு பொருளையும் ஒரு தடவைக்கு மேல் எடுக்காமல், பையில் அடங்கும் அதிகபட்ச மதிப்பைக் கண்டுபிடிப்பது) 5க்குப் பதில் 10 காட்டுகிறது, இல்லையா?

ஒவ்வொரு கொள்ளளவுக்கும் கிடைக்கும் அதிகபட்ச மதிப்பை ஒரு கட்டத்தில் வைக்கும் ஒற்றை வரிசை அரேயில் கொள்ளளவைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறீர்கள். கோளாறு அங்கேதான். எடை 3, மதிப்பு 5 உள்ள ஒரே பொருள், பையின் கொள்ளளவு 6 என்று தாளில் போட்டுப் பாருங்கள். 3ஆம் கட்டத்தில் 5 விழும். 6க்கு வரும்போது நிரல் அந்தப் புது 5ஐயே எடுத்து இன்னொரு 5 கூட்டும். ஒரே பொருள் இரண்டு தடவை உள்ளே போய்விட்டது! உள்சுழலை 6இலிருந்து 3 வரை இறக்குங்கள். அப்போது 6ஆம் கட்டம் பார்ப்பது பழைய 0ஐ.

இந்தப் பிழையாவது ஓட்டினால் தெரிந்துவிடும். பலர் சறுக்குவது, இது ஓட எடுக்கும் நேரத்தைப் பாலினோமியல் (உள்ளீட்டின் நீளத்தின் ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்குவது) என்று எழுதும்போதுதான். கொள்ளளவில் ஒரு பிட் கூடினாலே அட்டவணை இரட்டிப்பாகும். அதனால் சூடோ-பாலினோமியல் என்றே எழுதுங்கள்; அதாவது கொள்ளளவு என்ற எண்ணின் மதிப்பைப் பொறுத்துப் பாலினோமியல், அதை எழுதும் பிட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அல்ல.