லாசன் ஏன் பேசுவதில்லை: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொன்னதை நம்பி ஜான் கார்ப்பென்டரின் 'அசால்ட் ஆன் பிரீசிங்ட் 13' (1976) பார்த்தேன். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையைச் சுட்டுக் கொல்கிறார்கள். அதோடு நிறுத்திவிட்டு மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனைச் சுற்றி வளைக்கிற அந்தக் கும்பலுக்கு முகமும் இல்லை, காரணமும் இல்லை. அதிர்ச்சியை விற்றுக் காசு பார்த்த அந்தக் காலத்து எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களில் இதுவும் ஒன்று, அவ்வளவுதானே?

க.

அன்புள்ள க.,

அந்த இடத்தில் நிறுத்தியதில் தப்பே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அது வரும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். நான் கேட்டது இந்த ஐஸ்கிரீம் இல்லை என்று சொல்லத்தான் அந்தப் பிள்ளை வண்டிக்குத் திரும்பி வருகிறாள். அங்கே நிற்பவன் ஏதோ ஈயை விரட்டுகிற மாதிரி திரும்பிச் சுடுகிறான். இது இருந்தால் பெரியவர்களுக்கு மட்டும் என்கிற எக்ஸ் சான்றிதழ்தான் என்று அமெரிக்கத் தரச்சான்றுக் குழு சொல்ல, அவர்களுக்குக் காட்டிய பிரதியில் மட்டும் அதை வெட்டிவிட்டு தியேட்டருக்கு முழுசாக அனுப்பினார்கள். இப்போது எடுத்தால் அப்படி எடுக்க மாட்டேன் என்று கார்ப்பென்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதனால் காட்டிய விதத்தைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்தச் சாவை எடுத்துவிட்டால் படமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். பிள்ளையின் அப்பா லாசன், சுட்டவனைத் துரத்திப்போய்க் கொன்றுவிட்டு, மூடப்போகிற அந்த ஸ்டேஷனுக்குள் ஓடி வந்து விழுகிறார். அதிர்ச்சியில் வாயே திறக்கவில்லை. கடைசிவரை திறக்கவில்லை! உள்ளே இருக்கிறவர்களுக்கு இவர் யார், வெளியே இருக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று எதுவும் தெரியாது. ஒரு கட்டத்தில், இந்த ஆளைத் தூக்கி வெளியே போட்டுவிடலாமே என்று ஸ்டேஷனில் வேலை பார்க்கிற ஜூலி கேட்கிறாள், பயந்துபோன எவரும் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அங்கே பொறுப்பில் இருக்கிற லெப்டினன்ட் பிஷப் சம்மதிப்பதில்லை. லாசன் எதை இழந்துவிட்டு வந்திருக்கிறார் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும், அந்தக் காட்சியைப் பார்த்த நமக்கு. யாரென்றே தெரியாத ஒருவருக்காக இவர்கள் உயிரைக் கொடுக்கிறார்கள் என்பதன் கனம் அப்போதுதான் நெஞ்சில் இறங்குகிறது.

அப்புறம் காசு. 1975 கடைசியில், சுமார் ஒரு லட்சம் டாலரில், 20 நாளில் எடுத்த படம். எழுதி, இயக்கி, சிந்தசைசரில் இசையும் போட்ட கார்ப்பென்டருக்கு அப்போது வயது 27. எடிட்டிங்கும் அவரேதான், ஆனால் டைட்டிலில் ஜான் டி. சான்ஸ் என்று இருக்கும். 'ரியோ பிராவோ' என்ற பழைய கௌபாய் படத்தில் ஜெயிலைக் காத்து நிற்கிற ஷெரிஃபாக ஜான் வெய்ன் நடித்தாரே, அந்தப் பாத்திரத்தின் பெயர் அது. அந்தக் கதையைத்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்தார். பெரிய சண்டைக்குக் காசு இல்லாத இடத்தில் அவர் செய்ததைப் பாருங்கள்: எதிரிகளின் துப்பாக்கிகளில் சைலன்சர். வெடிச் சத்தமே கிடையாது. ஜன்னல் கண்ணாடி உடைகிறது, திரைப் பட்டைகள் உதறுகின்றன, மேசை மேல் இருந்த காகிதங்கள் தானாக எழும்பிப் பறக்கின்றன, அவ்வளவுதான். அடிபடுகிறவர்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை, தெருவில் இருப்பவர்களுக்கோ எதுவும் கேட்கவே இல்லை. ரோந்துக் கார் வந்தாலும் அதற்குள் வெளியே கிடந்த பிணங்களை இழுத்து மறைத்துவிட்டார்கள், தெரு துடைத்த மாதிரி இருக்கிறது. கடைசியில் அந்தக் காரின் மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ விழ, தலையைத் தூக்கிப் பார்த்தால் மேலே டெலிபோன் கம்பத்தில் லைன்மேனின் பிணம். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படங்களில்கூட இந்தப் பயம் எனக்கு வந்தது குறைவு.

காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், முதல் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். போலீஸ் ஒளிந்திருந்து அந்தக் கும்பலில் ஆறு பேரைச் சுட்டுத் தள்ளுகிறது. பழி வாங்கத்தான் ரத்தம் சிந்திச் சத்தியம் செய்கிறார்கள். முகம் இல்லை என்று சொன்னது சரி. பேய்ப் படத்தில் வருகிற மாதிரிதான் வருகிறார்கள், அதை ஒரு குறையாகவே நானும் நினைக்கிறேன். ஆனால் கும்பலில் கறுப்பர், வெள்ளையர், லத்தீனோ, ஆசியர் எல்லாரையும் கலந்து வைத்து, உள்ளே நிற்கிற அதிகாரியைக் கறுப்பராக வைத்ததால், ஒரு இனத்தின் மேல் வெறுப்பைக் கிளப்புகிற படமாக அது ஆகவில்லை.

ஒன்றுமே நடக்காத முதல் அரை மணி நேரம் என்றீர்கள். அங்கேதான், பின்னால் அந்த ஸ்டேஷனில் மாட்டிக்கொள்ளப்போகிற மரண தண்டனைக் கைதி நெப்போலியன் வில்சனைச் சங்கிலியோடு நாற்காலியில் உட்கார வைத்து, சிறை அதிகாரி ஒருவர் அடித்துக் கீழே தள்ளுகிறார். வில்சன் அலறவில்லை, போகிற இடமெல்லாம் சிகரெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு கடைசிக் காட்சிக்குப் போங்கள். உதவி வந்துவிட்டது, ஒரு போலீஸ்காரர் வில்சனுக்கு விலங்கு மாட்ட வருகிறார், பிஷப் அவரைத் தள்ளி விடுகிறார். என்கூட வெளியே நடந்து வருகிறாயா என்று வில்சனைத்தான் கேட்கிறார். இரண்டு பேரும் ஒன்றாகப் படியேறிப் போகிறார்கள்.