ஒப்பந்தக்காரர் வைத்த மொய்: மத்திய அரசு ஊழியர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: நான் மத்திய அரசுத் துறை ஒன்றில் இளநிலைப் பொறியாளர், குரூப் 'பி' பதவி. ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. சென்ற மாதம் என் மகளின் திருமணம் நடந்தது. எங்கள் அலுவலகத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் வரவேற்புக்கு வந்து, மேடையில் மகளின் கையில் ஒரு நகைப்பெட்டியும், மொய் எழுதும் மேசையில் ஓர் உறையும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவு பிரித்துப் பார்த்தபோது பெட்டியில் மூன்று சவரன் சங்கிலியும், உறையில் 50,001 ரூபாயும் இருந்தன. மொய் நோட்டில் அவருடைய மனைவியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய வேலைக்கான இறுதி பில் இன்னும் பாஸாகவில்லை. அந்த பில்லுக்கு அடிப்படையான அளவுப் புத்தகத்தில், செய்து முடித்த வேலையின் அளவை எழுத வேண்டியவன் நான்தான். சங்கிலியை மகள் புகுந்த வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டாள்.

"மொய்தானே, அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்துவிடுங்கள்" என்கிறார் உடன் வேலை செய்பவர். "சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடு" என்கிறார் நண்பர். மைத்துனரோ நோட்டில் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடலாம் என்கிறார். ஒப்பந்தக்காரர் நல்லவர், என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். இருந்தாலும் எனக்கு உறக்கம் வரவில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவி தன் தாய்வீட்டு நகையை விற்று, அவர் பெயரிலேயே ஒரு மனை வாங்கினார். அதை அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. அதுவும் தவறா?
– திருச்சி மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: அன்புள்ள ஐயா, மூவரும் சொன்ன யோசனைகளில் ஒன்றைக்கூட ஏற்காதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது, நடந்ததை நடந்தபடி எழுதி, உங்கள் அலுவலகத் தலைவரிடம் கொடுத்து, ஒப்புகை வாங்குவது. அதை இந்த வாரத்துக்குள் செய்யுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

முதலில் மொய். வாங்கியதை ஒருநாள் திருப்பிச் செய்யும் கடன் அது என்பது நம் ஊர் வழக்கம். இந்த வழக்கத்தைச் சட்டம் அறியாமல் இல்லை. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகளில் 13ஆவது விதி, திருமணம், மதச் சடங்கு, ஈமக்கிரியை போன்ற நிகழ்ச்சிகளில் சமூக வழக்கப்படி தரப்படும் பரிசுகளை வாங்க இடம் தருகிறது. ஆனால் யாரிடமிருந்து? நெருங்கிய உறவினரிடமிருந்தும், உங்களோடு அலுவல் தொடர்பு இல்லாத தனிப்பட்ட நண்பரிடமிருந்தும் மட்டும். அவர்கள் தருவதும் உங்களைப் போன்ற குரூப் 'பி' ஊழியருக்கு 15,000 ரூபாயைத் தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்களிடமிருந்து 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் பரிசையும் அரசின் அனுமதி இல்லாமல் வாங்கவே கூடாது. இன்றைய விலையில் ஒரு கிராம் தங்கமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். உங்களிடம் வந்திருப்பது 24 கிராம்.

ஒப்பந்தக்காரர் தன் மனைவியின் பெயரில் மொய் எழுதியிருப்பதும், மகளின் கையில் பெட்டியைக் கொடுத்திருப்பதும் உங்களுக்கு உதவா. குடும்பத்தினர் வாங்குவதற்கு நீங்கள் இடம் கொடுத்தாலும் இந்த விதி உங்களைக் கட்டும். அவர் உங்கள் மகளுக்காகவா வந்தார்? உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும் பில்லுக்காக வந்தார். விசாரணை அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

இது நடத்தை விதி மீறலோடு நின்றுவிடாது என்பதே என் பெரிய கவலை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது 'தகாத ஆதாயம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும், ஊதியத்துக்குப் புறம்பாக வருவது அதில் அடங்கும். பணியை முறைதவறிச் செய்யும் நோக்கத்தோடு வாங்கினால் 7ஆவது பிரிவு. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் 11ஆவது பிரிவு அதைவிடக் கண் சிறிய சல்லடை. உங்கள் அலுவல் பணியோடு தொடர்புடையவர் என்று தெரிந்தும் ஒருவரிடமிருந்து விலை கொடுக்காமல் தகாத ஆதாயத்தைத் தனக்காகவோ வேறொருவருக்காகவோ வாங்கினாலே அந்தப் பிரிவு பாயும். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. அதில் 5,000 ரூபாய், 15,000 ரூபாய் என்ற வரம்பெல்லாம் கிடையாது. வாங்கியது நிரூபிக்கப்பட்டால், தவறாக வாங்கவில்லை என்று காட்டும் பொறுப்பு 20ஆவது பிரிவின்படி உங்கள் தலையில் விழும்.

மேடையில் கொடுத்தபோது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நீங்கள் குற்றம் செய்யவில்லை. ஆனால் அன்றிரவு பிரித்துப் பார்த்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு அதை வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும், 'தெரிந்தே ஏற்றுக்கொண்டார்' என்ற வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். அவருடைய பில்லில் அளவு குறைந்தால், அல்லது வேறொரு வழக்கில் அவருடைய கணக்கு நோட்டு சோதனையில் சிக்கினால், என்ன நடக்கும்? அவர் வாய் திறக்காவிட்டாலும் உங்களுக்குப் பாதுகாப்பில்லை. புகார்தாரர் இறந்துபோனாலும், பிறழ்சாட்சியாக மாறினாலும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு லஞ்சத்தை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. உங்கள் வீட்டுத் திருமண வீடியோவிலேயே அந்தப் பெட்டி கைமாறும் காட்சி இருக்கும்.

மைத்துனர் சொன்ன யோசனை மிகவும் ஆபத்தானது. மொய் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தால், முன்னும் பின்னும் எழுதிய பெயர்கள் விட்டுப்போயிருப்பதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். சாட்சியத்தை மறைப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆவது பிரிவில் தனிக் குற்றம். இன்றைக்கு உங்கள் பக்கம் நிற்கக்கூடிய ஒரே ஆவணம் அந்த நோட்டுதான். ஒளிக்காமல் எழுதி வைத்தேன் என்று காட்ட வேறு என்ன இருக்கிறது? அதைப் பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.

நண்பர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தால், கொடுத்ததற்குச் சாட்சி யார்? நாளைக்கு ஒப்பந்தக்காரர் "வரவில்லை" என்று சொன்னால் நீங்கள் பணத்தையும் இழந்து, பழியையும் சுமப்பீர்கள்.

ஆகவே கடிதம். அதில் இருக்க வேண்டியவை: திருமண நாள், இடம், கொடுத்தவர், கொடுத்த பொருள், அது உங்களுக்குத் தெரியவந்த நேரம், அவருடைய எந்த வேலை உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்ற விவரம். "இவற்றை நான் ஏற்கவில்லை, திருப்பித் தர வழிகாட்டுதல் கோருகிறேன்" என்ற வரி கட்டாயம் வேண்டும். மொய் நோட்டின் அந்தப் பக்கத்து நகலையும், நகைக்கடையில் வாங்கிய எடை, மதிப்புச் சீட்டையும் இணையுங்கள். தாமதத்தை மறைக்காதீர்கள். "நேற்றுத்தான் உறையைப் பிரித்தேன்" என்று ஒரு வரி எழுதினால், அந்த ஒரு பொய் கடிதம் முழுவதையும் கெடுத்துவிடும். குழம்பிப்போய் யோசனை கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை என்றால் அதையே எழுதுங்கள். அலுவலகத் தலைவருக்கு எழுதி, துறையின் தலைமை விஜிலென்ஸ் (ஊழல் கண்காணிப்பு) அதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் பிரிவில் பதிவு எண்ணும் தேதியும் போட்ட நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அதே கடிதத்தில் இன்னொரு கோரிக்கையும் வையுங்கள். அந்த பில் தொடர்பான அளவுகளை வேறொரு பொறியாளர் எடுக்கட்டும், என்னை அதிலிருந்து விடுவியுங்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த வேலைக்கான அளவுப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நேர்மையாக எழுதினாலும், சங்கிலிக்காக எழுதியதாகவே பிறகு படிக்கப்படும். பழிக்குப் பயந்து அளவைக் குறைத்து எழுதுவதும் தவறுதான்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் திருப்புங்கள். சங்கிலியைத் துறை சொல்லும் முறையில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், எழுத்துமூல ரசீதோடு ஒப்படையுங்கள். அதற்கு முன் மகளிடமிருந்து அதை வாங்கியாக வேண்டும். புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். ஒரு தகப்பனுக்கு அது எத்தனை சங்கடம் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் சம்பந்தியிடம் நேரில் போய் உள்ளதைச் சொல்லுங்கள். வழக்கு என்று வந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டப்போவது சிபிஐ அல்லது துறையின் விஜிலென்ஸ்.

கடிதம் கொடுத்தால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வரலாம். தாமதத்துக்காகக் கண்டனம் போன்ற சிறு தண்டனையும் வரலாம். ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். அலுவல் வேலைக்குக் கைம்மாறாகப் பணம் வாங்கியது துறை விசாரணையில் நிரூபணமானால், வேலையை விட்டு நீக்குவதே தண்டனை என்கிறது 1965ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 11ஆவது விதி. விதிவிலக்கான சூழலில், காரணத்தை எழுதி வைத்துத்தான் அதைக் குறைக்க முடியும். நீக்கப்பட்டால் இத்தனை ஆண்டு சேவைக்கான ஓய்வூதியமும் பணிக்கொடையும் போய்விடும். கருணைத் தொகை கிடைத்தாலும் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது, அதுவும் நீக்கும் அதிகாரி மனம் வைத்தால்தான். குற்றவியல் வழக்கைப்போல் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய தேவையும் துறை விசாரணையில் இல்லை.

நான்கு ஆண்டுகளைத் தள்ளிவிட்டால் தப்பலாம் என்றும் எண்ணாதீர்கள். ஓய்வு பெறும்வரை எப்போது வேண்டுமானாலும் துறை நடவடிக்கை தொடங்கலாம். ஓய்வுக்குப் பிறகும், நடவடிக்கை தொடங்கும் நாளுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த சம்பவத்துக்காகக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு துறை நடவடிக்கை தொடங்கலாம். குற்ற வழக்குக்கோ இங்கே காலவரம்பே இல்லை.

ஊழல் தடுப்புக்காக 1962இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் தமிழ்நாட்டுக்காரரான கே. சந்தானம். அந்தக் குழுவின் பரிந்துரையால்தான் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. அதே ஆண்டில் வந்த நடத்தை விதிகளின் 3ஆவது விதி, அரசு ஊழியர் எல்லாக் காலத்திலும் முழு நேர்மையோடு இருக்க வேண்டும் என்கிறது. திருமண மேடையும் அந்த 'எல்லாக் காலத்தில்' அடங்கும். (மாநில அரசு ஊழியர்கள் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன, தொகைகளும் வேறு.)

மனை விஷயம் இத்தனை கடுமையானதல்ல. உங்கள் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ அசையாச் சொத்து வாங்குவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது மத்திய நடத்தை விதிகளின் 18ஆவது விதி. ஆனால் மனைவி தன் சீதனம், பரம்பரைச் சொத்து போன்ற சொந்தப் பணத்தில், தன் பெயரில், தன் உரிமையில் வாங்கினால் அந்தக் கட்டாயம் இல்லை. நகை விற்ற ரசீது, அந்தப் பணம் மனைவியின் கணக்கில் விழுந்து அங்கிருந்து மனை விற்றவருக்குப் போன வங்கிப் பதிவு ஆகிய இரண்டும் இருந்தால் கவலை வேண்டாம். பத்திரச் செலவுக்கோ முன்பணத்துக்கோ உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு தொகை போயிருந்தால் நிலைமை மாறிவிடும். அப்படியானால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். ஜனவரி 31க்குள் தரும் ஆண்டுச் சொத்து அறிக்கையிலும் அந்த மனையைச் சேருங்கள். இந்தக் கடிதத்தை ஒப்பந்தக்காரர் பற்றிய கடிதத்தோடு கலக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் பற்றிய கடிதம் முதலில் போகட்டும்.